சீசன் இல்லாத நாட்களின் கொடைக்கானல்

கொடைக்கானலில் வாடகைக்கு வீடு தேடுகிறவர் முதலில் விசாரிக்க வேண்டியவை இரண்டு. காலை வெயில் எந்தச் சுவரில் விழுகிறது? குழாயில் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது? முன்பணம், வாடகையெல்லாம் அதற்கப்புறம் பேசிக்கொள்ளலாம். ஜன்னலைத் திறந்தால் ஏரி தெரிகிறதா, பள்ளத்தாக்கு தெரிகிறதா என்று பார்த்து வீடு பிடித்தவர்கள் முதல் மழைக்காலத்திலேயே வேறு வீடு தேடத் தொடங்கிவிடுவார்கள். வெயில் படாத வீட்டில் சுவரெல்லாம் பூசணம் பிடிக்கும். பீரோவுக்குள் மடித்து வைத்த பட்டுப்புடவையில் வெள்ளைப் புள்ளி விழும். செருப்பு, பெல்ட், குழந்தையின் பள்ளிக்கூடப் பை எல்லாவற்றிலும் ஒரு ஈரவாடை குடியேறிவிடும்.

நாயுடுபுரத்தில் நாங்கள் குடியிருந்த காலத்தில் மலைச் சமையலைக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வீட்டு அக்கா. கீழே மதுரையில் இரவு அரைத்து வைத்த இட்லி மாவு விடிவதற்குள் பொங்கி வழியும். இங்கே மறுநாள் மதியம்வரை அப்படியே கிடக்கும். “மாவைச் சும்மா விட்டா எப்படிம்மா பொங்கும்? பழைய கம்பளியைச் சுத்தி அடுப்புப் பக்கத்துல வை” என்றார். தேங்காய் எண்ணெய் பாட்டிலும் அடுப்புப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கல்லாக உறைந்துவிடும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 7,000 அடி உயரம். தண்ணீர் 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும் என்பதால், திறந்த பாத்திரத்தில் பருப்பு எளிதில் வேகாது. குக்கர் இல்லாமல் இந்த ஊரில் சாம்பார் கிடையாது.

மூடுபனியைச் சுற்றுலா வந்தவர்கள் படம் எடுக்கிறார்கள். ஊர்க்காரர்களுக்கு அந்த நேரத்தில் கொடியில் கிடக்கும் துணியின் ஞாபகம்தான் வரும். கொடைக்கானலுக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில். அக்டோபர், நவம்பரில் வாரக்கணக்கில் சூரியனைப் பார்க்க முடியாது. ஈரச் சீருடையை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துத் தேய்த்தே காயவைத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிற தாய்மார்களை எல்லாத் தெருவிலும் பார்க்கலாம். புயல் வந்துவிட்டால் அதுவும் முடியாது, கரண்ட் இருக்காது. 2018 நவம்பரில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா, உள்நாட்டைக் கடந்து இந்த மலைமேலும் ஏறியது. மரங்கள் சாய்ந்து சாலை அடைபட்டு, மின்கம்பங்கள் விழுந்து, ஊரே நாட்கணக்கில் இருட்டில் கிடந்தது. தொலைக்காட்சிகள் டெல்டாவைக் காட்டின. அது நியாயம்தான், இழப்பு அங்கே பெரியது. ஆனால் கொடைக்கானலிலும் மனிதர்கள் குடியிருக்கிறார்கள் என்பது பல பேருக்கு அப்போதுதான் தோன்றியது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கொடைக்கானல் நகராட்சியில் 36,501 பேர். ஆசிரியர்கள், தோட்டக்காரர்கள், குதிரைக்காரர்கள், விடுதிகளில் அறை துடைப்பவர்கள், காய்கறி மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள், சாக்லேட் காய்ச்சுகிறவர்கள், துப்புரவுப் பணியாளர்கள். வந்து போகிறவர்களுக்காகவே கட்டப்பட்ட ஊர் இது. இருப்பவர்களுக்காக இதை இன்னும் யாரும் கட்டவில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

சுமந்து வந்தவர்களின் ஊர்

1821-இல் லெப்டினன்ட் வார்டு என்ற ஆங்கிலேய அதிகாரி இந்த மலைகளை அளந்துவிட்டுப் போனார். குடியேற்றம் அதற்கப்புறம்தான். மதுரையில் ஊழியம் செய்துகொண்டிருந்த அமெரிக்கப் பாதிரிமார் குடும்பங்கள் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தொடர்ந்து உயிர்களைப் பறிகொடுத்தன. முதலில் சிறுமலையில் இடம் தேடினார்கள். காய்ச்சல் அங்கேயும் துரத்தியது. பிறகு பழனி மலைமேல் ஏறி, 1845-இல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். கொடைக்கானல் நகரத்தின் தொடக்கம் அந்த இரண்டு வீடுகள்.

மதுரைக் கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863-இல் சதுப்பு நிலத்தில் ஓடைகளை மறித்து ஏரி அமைத்தார். தூத்துக்குடியிலிருந்து படகைக் கொண்டுவந்து விட்டவரும் அவரே. ஆக, நாம் இயற்கை என்று நினைத்துப் படம் பிடிக்கிற நட்சத்திர ஏரி, மனிதர் வெட்டிக் கட்டியது. பள்ளத்தாக்கின் விளிம்பில் போகும் கோக்கர்ஸ் வாக் 1872-இல் வந்தது. பிரையண்ட் பூங்கா, படகு கிளப், 1901-இல் மிஷனரிகளின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி என்று ஒவ்வொன்றாக ஊர் சேர்ந்தது. வெயில் காலத்தில் இரண்டு மூன்று மாதம் தங்கிவிட்டுக் கீழே இறங்குகிறவர்களை மனத்தில் வைத்தே எல்லாம் அமைந்தன.

அவர்கள் எப்படி மேலே வந்தார்கள் என்பதைச் சுற்றுலாக் கையேடுகள் ஒரு வரியில் கடந்துவிடும். ரயில் அம்மையநாயக்கனூர்வரை, அதாவது இன்றைய கொடை ரோடு நிலையம்வரை வரும். அங்கிருந்து இரவெல்லாம் மாட்டுவண்டி. பெரியகுளத்துப் பக்கம் அடிவாரத்தில் இறங்கியதும் நாற்காலியிலும் டோலியிலும் உட்கார வைத்து மலைமேல் தூக்கிப் போவார்கள். துரைசானி, குழந்தைகள், டிரங்குப் பெட்டி, சில வீடுகளுக்குப் பியானோகூட மனிதர் தோளில்தான் ஏறியிருக்கிறது. மோட்டார் போகிற மலைச்சாலை வந்தது 20-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில். அதுவரைக்கும் இந்த ஊருக்கு வந்த எல்லாப் பொருளுக்கும் பின்னால் ஒரு சுமைக்காரரின் மூச்சு இருக்கிறது. சுமந்து வந்தவர்களில் ஒரு பகுதியினர் இங்கேயே தங்கினார்கள். சமையல்காரராக, தோட்டக்காரராக, கொத்தனாராக. மூஞ்சிக்கல்லிலும் ஆனந்தகிரியிலும் இன்று இருக்கிற பல குடும்பங்களுக்கு இப்படியொரு கதை உண்டு.

அந்தப் பழைய பாதையை இன்றும் பார்க்கலாம். வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் என்கிற பாறை முனைக்கு எல்லாரும் நடக்கிறார்கள். அதற்கும் கீழே காட்டுக்குள் இறங்கிப்போனால் வெள்ளகவி கிராமம். பெரியகுளம் பக்கத்துக் கும்பக்கரையிலிருந்து மேலே ஏறிய பழைய தடத்தில் இருக்கிறது. ஊர் முழுக்கக் கோயில்கள் என்பதால் ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. வருகிறவர்களும் எல்லையிலேயே கழற்றிவிட வேண்டும். அரிசி, சிமென்ட், கேஸ் சிலிண்டர் எல்லாமே குதிரை முதுகில்தான் போய்ச் சேர்ந்தன. உடம்புக்கு முடியாதவரைத் தலைமுறை தலைமுறையாகத் துணித்தொட்டிலில் கட்டித் தூக்கித்தான் மேலே கொண்டுவந்தார்கள். 1880-இல் துரைமார் வந்த வழியிலேயே 21-ஆம் நூற்றாண்டிலும் ஒரு நோயாளி தோளில் ஏறி வர வேண்டியிருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

மே மாதத்து ஞாயிறு

கொடைக்கானலின் வருமானம் பெரும்பாலும் ஏப்ரல் முதல் ஜூன் வரை. மே மாதம் மலர்க் கண்காட்சியும் கோடை விழாவும் நடக்கும். செப்டம்பர், அக்டோபரில் இரண்டாவது சீசன் ஒன்று உண்டு, அது சின்னது. அந்த மூன்று மாதத்தில் சம்பாதித்து மீதி ஒன்பது மாதத்தை ஓட்ட வேண்டும் என்பதுதான் ஏரிக்கரையில் சைக்கிள் வாடகைக்கு விடுகிறவரின் கணக்கு, மக்காச்சோளம் சுடுகிறவரின் கணக்கு, ரொட்டி ஆம்லெட் போடுகிறவரின் கணக்கு. ஆகவே கூட்டமே வேண்டாம் என்று ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். நானும் சொல்லவில்லை.

ஆனால் அந்த மே மாதத்து ஞாயிறு எப்படி இருக்கும் என்பதை ஊருக்குள் இருந்து பார்க்க வேண்டும். வத்தலக்குண்டிலிருந்து வருகிற சாலையும் பழனியிலிருந்து வருகிற சாலையும் பெருமாள்மலையில் சேர்கின்றன. அதற்குமேல் ஊருக்கு ஒரே வழி. வெள்ளி நீர்வீழ்ச்சியில் கார்களை ஓரம்கட்டிப் படம் எடுக்க நிற்பார்கள். எதிரே கேரளா வேன் வரும். பின்னால் பேருந்து நிற்கும். அவ்வளவுதான், செண்பகனூர் தாண்டி மூஞ்சிக்கல்வரை வண்டிகள் நகராது. பால் வண்டியும் அதில்தான் நிற்கிறது. பரீட்சைக்குப் போகிற பிள்ளையும் அதில்தான். ஆம்புலன்ஸும் அதில்தான்.

ஆம்புலன்ஸைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். கொடைக்கானலில் அரசு மருத்துவமனை இருக்கிறது. மாரடைப்பு, தலைக்காயம், சிக்கலான பிரசவம் என்றால் தேனி மருத்துவக் கல்லூரிக்கோ திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ எழுதிக்கொடுத்துவிடுவார்கள். வளைவுகள் நிறைந்த மலைச்சாலையில், சாலை காலியாக இருந்தாலே சமவெளியைத் தொட ஒன்றரை மணி நேரமாவது ஆகும். மன்னவனூர், பூண்டி, கவுஞ்சி, கிளாவரை போன்ற மேல்மலைக் கிராமத்துப் பெண் என்றால், முதலில் கொடைக்கானல் வந்துசேரவே 30 கிலோமீட்டருக்கு மேல். எங்கள் தெருவில் ஒரு பெரியவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நெஞ்சுவலி வந்தது. ஏழு ரோடு சந்திப்பிலிருந்து ஊர் எல்லையைத் தாண்டவே இளைஞர்கள் முன்னால் ஓடி ஓடி வண்டிகளை ஒதுக்கிவிட வேண்டியிருந்தது. அவர் பிழைத்தார். அன்று முதல் அந்த வீட்டில் சீசன் என்றாலே ஒரு பயம்.

2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறையைக் கொண்டுவரச் சொன்னது. மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது. மலை எவ்வளவு தாங்கும் என்று ஆராயும் பணி சென்னை ஐஐடிக்கும் பெங்களூரு ஐஐஎம்முக்கும் போனது. மறு வருடம் 2025 ஏப்ரல் 1 முதல் ஜூன் வரை, கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 சுற்றுலா வாகனங்கள், வார இறுதியில் 6,000 என்று நீதிமன்றம் எல்லை கட்டியது. உள்ளூர் வண்டிகளுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் இந்தக் கட்டுப்பாடு இல்லை. கடைக்காரர்கள் எதிர்த்தார்கள், கடையடைப்பு, கறுப்புக்கொடி எல்லாம் நடந்தது. அவர்கள் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள்: வண்டிக்கு நாலு பேர் என்று வைத்தாலும் 6,000 வண்டிகளில் 24,000 பேர். 36,501 பேர் இருக்கிற ஊருக்கு ஒரே நாளில் 24,000 விருந்தாளிகள். கட்டுப்படுத்திய பிறகு இது!

அத்தனை பேருக்கும் தண்ணீர் வேண்டும். ஊருக்கு அப்சர்வேட்டரி நீர்த்தேக்கமும் மனோரஞ்சிதம் அணையும்தான் பெரும்பாலும் தண்ணீர் கொடுக்கின்றன. கோடையில் அவை வற்றுகிற நேரமும் விடுதிகள் நிரம்புகிற நேரமும் ஒன்று. விடுதி லாரித் தண்ணீர் வாங்கும். தெருவில் குடத்தோடு நிற்கிறவர் எதை வாங்குவார்? வாடகை விஷயமும் அப்படியே. மாத வாடகையில் வருகிற பணத்தை இரண்டு வார இறுதியில் சம்பாதிக்கலாம் என்று தெரிந்த பிறகு, மாடி வீட்டை ஹோம்ஸ்டே ஆக்காத வீட்டுக்காரரைக் காண்பது அரிதாகிவிட்டது. ஏப்ரல் வந்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள் என்று பயந்து, மார்ச்சிலேயே சாமான் கட்டத் தொடங்குகிற ஆசிரியர்களையும் செவிலியர்களையும் பார்த்திருக்கிறேன். ஊரை நடத்துகிறவர்களுக்கே ஊரில் இடமில்லை.

மேல்மலைப் பக்கம்

கொடைக்கானலுக்கு வருகிற கார்களில் பெரும்பான்மை ‘12 மைல்’ என்கிற சுற்றுப்பாதையில் போய்விட்டுத் திரும்பிவிடும். மோயர் பாயிண்ட், பைன் காடு, குணா குகை, தூண் பாறை, பசுமைப் பள்ளத்தாக்கு. 1991-இல் கமல்ஹாசனின் ‘குணா’ வந்த பிறகு அந்தக் குகைக்கு அந்தப் பெயர் வந்தது. 2024-இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ வந்ததும் கூட்டம் மறுபடி பொங்கிவிட்டது. குகையின் மேல்பகுதி கம்பிவேலிக்குப் பின்னால் இருக்கிறது. வேலியைத் தாண்ட ஆசைப்படுகிறவர்கள், அந்தப் படமே ஒரு பையன் பள்ளத்தில் விழுந்த கதை என்பதை மறந்துவிடுகிறார்கள்.

மேற்கே மன்னவனூர் சாலையில் 20 கிலோமீட்டருக்குள் பூம்பாறை. படிப்படியாக வெட்டிய வயல்களில் கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ், பூண்டு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு இங்கேதான் விளைகிறது. அறுவடையானதும் தாளோடு கற்றை கற்றையாகக் கட்டித் தொங்கவிட்டு, கீழே மூட்டம் போட்டுப் புகை பிடிக்க வைப்பார்கள். அப்படிச் செய்த பூண்டு மாதக்கணக்கில் கெடாது. ஒரு பல்லை உரித்துக் கையில் தேய்த்தால் வாசனை மறுநாள் வரைக்கும் போகாது, காரம் அப்படி. இந்தப் பூண்டு மலையை விட்டு இறங்கிப் பெரியகுளம் பக்கத்து வடுகபட்டிச் சந்தைக்குப் போய் விலையாகிறது. வந்து போகிறவர்கள் வழியிலேயே ஒரு கட்டு வாங்கினால் விவசாயி கையில் நேரடியாகக் காசு சேரும். கொடைக்கானலில் சாக்லேட்டுக்குக் கொடுக்கிற மரியாதையில் பாதி பூண்டுக்குக் கிடைத்தாலே போதும்.

பூம்பாறையில் குழந்தை வேலப்பர் கோயில் இருக்கிறது. தைப்பூசத்தை ஒட்டித் தேரோட்டம். சரிவான தெருக்கள் என்பதால் தேருக்கு முன்னால் வடம் பிடிப்பதோடு பின்னாலும் வடம் கட்டிப் பிடித்துக்கொள்வார்கள். முன்னால் இருப்பவர்கள் இழுக்க, பின்னால் இருப்பவர்கள் தேர் ஓடிவிடாமல் தாங்க, அந்தச் சரிவில் தேர் அடி அடியாக இறங்கும். சமவெளியில் தேர் பார்த்தே வளர்ந்த எனக்கு அந்தக் காட்சி புதிது. பின்னால் பிடிப்பவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கால்விரல்களைத் தார்ச்சாலையில் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து, மொத்தத் தேரும் அவர்கள் உள்ளங்கையில்.

மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறியாடு, ரோம ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. புல்வெளியும் ஏரியும் அழகு. அரசுப் பேருந்து போகிறது. ஜன்னலோரம் இடம் கிடைத்து, பக்கத்தில் மேல்மலை விவசாயி ஒருவர் உட்கார்ந்துவிட்டால், எந்த வழிகாட்டியும் சொல்லாத விஷயங்களைத் தெரிந்துகொள்ளலாம்: எந்த மாதம் உறைபனி விழும், கேரட்டுக்கு மண்டியில் என்ன விலை, காட்டுமாடு எந்த வேலியை உடைத்தது.

காட்டுமாடு இப்போது நகருக்குள்ளேயே நடக்கிறது. ஏரிச் சாலையிலும் பள்ளிக்கூட வாசலிலும் கூட்டமாக நிற்கும். ஊர்க்காரர்கள் பத்தடி தள்ளி, சத்தம் போடாமல், அது கடக்கும்வரை காத்திருப்பார்கள். செல்போனோடு கிட்டப் போகிறவர்கள் வெளியூர்க்காரர்கள். ஒரு டன் எடைவரை வளரும் விலங்கு அது; திரும்பினால் ஓட நேரம் இருக்காது. அது ஏன் ஊருக்குள் வருகிறது என்று கேட்டால் பதில் புல்வெளியில் இருக்கிறது.

பழனி மலையின் உச்சிப் பகுதி ஒரு காலத்தில் பரந்த புல்வெளி, பள்ளங்களில் மட்டும் சோலைக்காடு. மழைநீரைப் புல் உறிஞ்சிப் பிடித்து வைத்துக்கொண்டு, வருடம் முழுக்க ஓடைகளில் கொஞ்சம் கொஞ்சமாக விடும். பேரிஜம் ஏரித் தண்ணீரைப் பெரியகுளம் குடிக்கிறது. குதிரையாறும் பொருந்தலாறும் மஞ்சளாறும் இந்த மலையில்தான் பிறக்கின்றன. தோல் பதனிடப் பட்டை வேண்டும், கூழுக்கு மரம் வேண்டும் என்று புல்வெளியை வெறும் நிலமாக நினைத்து, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டிலையும் யூகலிப்டஸையும், கூடவே பைன் மரத்தையும் நட்டார்கள். வாட்டில் தானாகவே பரவி மிச்சப் புல்லையும் மூடியது. மேய இடமில்லாத மாடு ஊருக்குள் இறங்கியது. 2013-இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. சோலைக் கன்றுகளை வளர்த்து நடுகிற சின்னக் குழுக்கள் வட்டக்கானல் பக்கம் பல வருடமாகப் பாடுபடுகின்றன. அவர்கள் நட்டு வளர்த்த ஓடைக்கரையில் ஒருமுறை நடந்திருக்கிறேன். அட்டை கடித்தது. மண்ணில் கை வைத்தால் ஈரம் சொட்டியது. பக்கத்திலேயே வாட்டில் காட்டுக்குள் மண் பொடிப்பொடியாகக் காய்ந்து கிடந்தது.

இந்த மலைக்கு நேர்ந்த இன்னொரு தீங்கையும் ஊர்க்காரர்களே வெளியே கொண்டுவந்தார்கள். அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலை 1980-களில் பாம்பார் சோலைக்கு மேலே இயங்கத் தொடங்கியது. அதன் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு 2001-இல் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடந்ததைக் கண்டுபிடித்து, போராடி, ஆலையை மூட வைத்தார்கள். முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன், ஆலையை நடத்திய ஹிந்துஸ்தான் யூனிலீவர் உடன்பாட்டுக்கு வந்தது 2016-இல். அதுவரை அவர்கள் நடந்த நடை கொஞ்சமல்ல.

வருவதென்றால்

இ-பாஸ் எடுத்து வாருங்கள். அதோடு பேருந்தில் வர முடியுமா என்றும் யோசியுங்கள். வத்தலக்குண்டிலிருந்து, மதுரையிலிருந்து, பழனியிலிருந்து அரசுப் பேருந்துகள் இருக்கின்றன. ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை உண்டு, கொண்டுவந்தால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. வீட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் பாட்டில் போதும். முடிந்தால் மே மாதத்தைத் தவிருங்கள். ஜூலை, ஆகஸ்டில் பேரிக்காய் காய்த்துத் தொங்கும். ஆகஸ்டில் சலேத் மாதா திருவிழா, ஊரே விளக்கு போட்டுக்கொள்ளும். ஜனவரியில் விடியற்காலை ஏரியோரப் புல்லில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். அறை வாடகையும் பாதி. இந்த மாதங்களில் வருகிறவர் கொடுக்கிற ஆயிரம் ரூபாய், மே மாதத்தில் வருகிற ஆயிரத்தைவிட ஊருக்குப் பெரிது. சைக்கிள்காரருக்கு அது காலியாக இருந்திருக்க வேண்டிய ஒரு நாள்.

ஒருநாளில் வந்து திரும்பாதீர்கள். இரண்டு இரவாவது தங்குங்கள். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு சுற்று வாருங்கள். சூரிய ஆய்வகத்துக்கு ஏறிப் போங்கள். 1876-78 பெரும்பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானவர்கள் செத்த பிறகு, சூரியனில் உண்டாகும் மாற்றங்களுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்குமோ என்று தேடத் தொடங்கியதன் விளைவு அது. 1899-இல் சென்னையிலிருந்து இங்கே மாற்றினார்கள். 1909-இல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு கிடைமட்டமாக வெளிநோக்கி ஓடுவதை இங்கிருந்துதான் கண்டுபிடித்தார். உலகெங்கும் வானியல் பாடநூல்களில் அது அவர் பெயரால் இருக்கிறது. மேகம் விலகுகிற நாட்களில் சூரியனைப் படமெடுக்கும் வேலை நூறு வருடத்துக்கு மேலாக இங்கே தொடர்கிறது. பஞ்சத்துக்குக் காரணம் தேடி மனிதர்கள் மலையேறி வந்த இடம் என்று சொல்லிக் குழந்தைகளை அழைத்துப் போனால், படகுச் சவாரியைவிட அது நினைவில் நிற்கும்.

குறிஞ்சி ஆண்டவர் கோயிலையும் விட்டுவிடாதீர்கள். இலங்கைத் தமிழ்த் தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவி லீலாவதி, இந்து சமயத்தைத் தழுவிய வெள்ளைக்காரப் பெண்மணி, 1936-இல் கட்டியது. வானம் தெளிவாக இருந்தால் அங்கிருந்து வடக்கே பழனிக் கோயில் குன்று தெரியும்.

அந்தக் கோயிலுக்குப் பெயர் கொடுத்த நீலக்குறிஞ்சி 12 வருடத்துக்கு ஒருமுறை பூக்கிறது. 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது, அடுத்து 2030. பூத்து விதை விட்டதும் செடி காய்ந்துவிடும். விழுந்த விதை முளைக்கப் புல்வெளி வேண்டும். வாட்டில் நிழலில் அது எழாது. 2030-இல் கூட்டம் எப்படி இருக்கும் என்பதை இப்போதே கணக்குப் போடலாம். அதற்குள் மேல்மலைப் பிரசவங்களைக் கொடைக்கானல் மருத்துவமனையிலேயே பார்க்கிற அளவுக்கு மருத்துவர்களும் ரத்த வங்கியும் அங்கே இருக்க வேண்டும். பெருமாள்மலைக்குக் கீழேயே கார்களை நிறுத்திவிட்டுப் பேருந்தில் அழைத்துவர ஏற்பாடு வேண்டும். விடுதிகள் தண்ணீருக்குக் கணக்குக் காட்ட வேண்டும். ஆசிரியருக்கும் செவிலியருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் மலையிலேயே அரசுக் குடியிருப்பு வேண்டும். வாகன எண்ணிக்கையை நீதிமன்றம் சொல்லித் தெரிந்துகொள்ளாமல், நகராட்சிக் கூட்டத்தில் ஊர்க்காரர்கள் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். குறிஞ்சி பூக்கும் மாதங்களில் மன்னவனூர் சாலையில் எத்தனை வண்டி போகலாம் என்பது, அந்தச் சாலையில் ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கிறவர்களைக் கேட்டு எழுதப்பட வேண்டும்.